பழ ஈ: வாலை விடுங்கள், தும்பைப் பிடியுங்கள்

போன இதழில் ஒரு வாசகி "சமையலறையில் பழ ஈ தொல்லை தாங்கவில்லை, என்ன செய்ய?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தார். நானும் சோம்பல்பட்டு "கிண்ணத்தில் வினிகர் வையுங்கள்" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டேன். அதற்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், பாதிப்பேர் "வைத்தோம், போகவில்லை" என்கிறார்கள், மீதிப்பேர் "போனது, திரும்ப வந்துவிட்டது" என்கிறார்கள். அரைகுறை பதில் சொன்னது என் தப்புதான். அதனால் இந்த இதழில் வேறு கேள்வியே கிடையாது, முழுக்க இந்தச் சிவப்புக் கண் விருந்தாளியைப் பற்றித்தான்.

கேள்வி: வீட்டைத் துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்வதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. ஜன்னலும் பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். ஆனாலும் பழக்கூடையைத் தொட்டால் பத்து இருபது குட்டி ஈக்கள் குப்பென்று எழும்புகின்றன. பழத்திலிருந்து தானாகவே உண்டாகிறதா? என் மாமியார் அப்படித்தான் அடித்துச் சொல்கிறார்.

பதில்: உங்கள் மாமியாரைக் கிண்டல் செய்யாதீர்கள். அழுகும் பொருளிலிருந்து புழுவும் ஈயும் தாமாகவே பிறக்கும் என்று பெரிய பெரிய அறிஞர்களே நூற்றாண்டுக் கணக்கில் நம்பியிருக்கிறார்கள். 1668-ல் இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி என்ற மருத்துவர்தான் அதைச் சோதித்துப் பார்த்தார். இறைச்சித் துண்டுகளைச் சில ஜாடிகளில் திறந்தபடியும், சிலவற்றில் மெல்லிய துணியால் வாயைக் கட்டியும் வைத்தார். திறந்த ஜாடியில் புழு நெளிந்தது. துணி கட்டிய ஜாடியில் இறைச்சி அழுகியதே தவிர உள்ளே புழு இல்லை, ஈக்கள் துணிக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன. உங்கள் பழக்கூடைக்கும் அதே கதைதான், ஒரு தாய் ஈ வந்து முட்டையிட்டால்தான் உண்டு.

அந்தத் தாய் பெரும்பாலும் உங்கள் வீட்டுக்கு வருவதே இல்லை, அதன் முட்டைதான் பழத்தோடு சேர்ந்து வந்துவிடுகிறது. அரை மில்லிமீட்டர் நீளம்தான் முட்டை. வெறும் கண்ணுக்குத் தூசி மாதிரி இருக்கும். நல்ல லென்ஸ் இருந்தால் பழத்தின் காம்படியிலோ, தோல் வெடித்த இடத்திலோ, அடிபட்டுக் கன்றிப்போன இடத்திலோ தேடிப் பாருங்கள். முட்டை கூழுக்குள் புதைந்து கிடக்கும், அதன் ஒரு முனையிலிருந்து இரண்டு வெள்ளை இழைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே மூழ்கிக் கிடக்கும் முட்டை மூச்சு விடுவதற்காக அந்த இழைகள். முதன்முதலாக அதைப் பார்த்தபோது எனக்கு அருவருப்பைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

அப்புறம், வெளியிலிருந்தும் ஈ வரத்தான் செய்யும். 3 மில்லிமீட்டர் உடம்புக்குக் கதவிடுக்கே ராஜபாட்டை. ஆனால் அதை இழுப்பது பழம் இல்லை, பழத்தின்மேல் வளரும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர். பழம் கனிந்து, தோல் கொஞ்சம் விட்டு, சர்க்கரை புளிக்கத் தொடங்கும்போது கிளம்புகிறதே ஒரு வாசனை, சாராயமும் வினிகரும் கலந்தது போல, அதுதான் அழைப்பிதழ். புழுக்களுக்கும் அந்த ஈஸ்ட்தான் முக்கிய ஆகாரம். ஆகவே உங்கள் சுத்தத்தில் எந்தக் குறையும் இல்லை, எங்கேயோ ஒன்று புளிக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: நீங்கள் சொன்னபடி வினிகர்ப் பொறி வைத்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் காலையில் முப்பது நாற்பது செத்துக் கிடக்கின்றன. ஆனால் கூட்டம் குறைந்தபாடில்லை. பொறியே வெளியிலிருந்து ஈயை வரவழைக்கிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது.

பதில்: பொறி வரவழைக்கவில்லை, உங்கள் வீட்டுக்குள்ளேயே உற்பத்தி நடக்கிறது. இதைத்தான் தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்கள், போன முறை நான் கொடுத்த யோசனையும் வாலைப் பிடிக்கிற யோசனைதான்.

கணக்கைப் பாருங்கள். சுமார் 25 டிகிரி வெப்பத்தில் முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். புழு நான்கைந்து நாள் தின்று இரண்டு முறை தோல் உரிக்கும், பிறகு கூட்டுப்புழுவாகி இன்னொரு நான்கைந்து நாள் கிடக்கும், பத்தாம் நாள் வாக்கில் ஈயாக வெளியே வந்துவிடும். வந்த அரை நாளுக்குள் இணைசேரத் தயார். வசதி வாய்த்தால் ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் 400 முட்டை வரை இடும். நீங்கள் ஒரு நாளைக்கு நாற்பதைக் கொன்றால், அதில் பல ஏற்கெனவே முட்டையிட்டுவிட்டுத்தான் உங்கள் வினிகரைக் குடிக்க வந்திருக்கின்றன. இன்று பறக்கும் ஈயெல்லாம் பத்து நாளுக்கு முந்தைய குப்பை. இன்றைய குப்பை இன்னும் பத்து நாள் கழித்துப் பறக்கும்.

ஆகவே முதலில் அது பிறக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள், பொறி அப்புறம். எங்கே தேடுவது? பழக்கூடையில் இல்லை, அதைத்தான் எல்லோரும் முதலில் காலி செய்துவிடுகிறார்களே. உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டு வைக்கும் கூடையின் அடியைக் கையால் துழாவிப் பாருங்கள். மேலே பத்தும் நன்றாக இருக்கும், அடியில் ஒன்று தோல் மட்டும் நின்று உள்ளே தண்ணீராகியிருக்கும், விரல் உள்ளே போனதும் நாற்றமே சொல்லிவிடும். காலி பாட்டில்களையும் குளிர்பான டப்பாக்களையும் பழைய பொருள்காரருக்குப் போட மூலையில் சேர்த்து வைத்திருந்தால், ஒவ்வொன்றின் அடியிலும் நிற்கும் அரை ஸ்பூன் திரவம் ஒரு பிரசவ அறை. ஈரம் காயாத துடைப்பான், பாத்திரம் தேய்க்கும் பஞ்சு, ஃப்ரிட்ஜின் பின்னால் தண்ணீர் சொட்டிச் சேரும் தட்டு, அடுப்புக்கும் மேடைக்கும் நடுவில் என்றோ சிந்திய ஜூஸ் எல்லாவற்றையும் பாருங்கள். ஈக்குப் பெரிய பழம் ஒன்றும் தேவையில்லை, ஈரமும் கொஞ்சம் புளிப்பும் போதும்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். ஒரு முறை நானும் இப்படித்தான் மூன்று வாரம் தோற்றேன். பழமே வாங்குவதில்லை என்று விரதம், தினம் மேடை கழுவல், எல்லாம் ஆயிற்று. கடைசியில் ஒருநாள் குப்பைத் தொட்டியின் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் தலைகீழாகப் பிடித்தபோதுதான் தெரிந்தது. மூடியின் உள்விளிம்பு மடிப்புக்குள் சீரகத்தை வரிசையாக ஒட்டி வைத்த மாதிரி பழுப்பு நிறத்தில் நூறு இருக்கும். ஒவ்வொன்றின் முன்முனையிலும் இரண்டு குட்டிக் கொம்பு. நகத்தால் கீறினால் சில சடக்கென்று நொறுங்கின, அவை ஈ கிளம்பிப் போன வெறும் கூடு. சில நொறுங்கவில்லை, ஈரமாக நசுங்கின. நான் தினமும் குப்பையைக் கொட்டிக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் பை எங்கேயோ ஓட்டையாகி, தொட்டியின் அடியில் விரற்கடை உயரத்துக்குப் பாகு மாதிரி ஒன்று தேங்கியிருந்தது. புழு அதைத் தின்றுவிட்டு, கூடாகும் நேரம் வந்ததும் ஈரத்தை விட்டு மேலே ஏறி, காய்ந்த இடமாகப் பார்த்து மூடியில் ஒட்டிக்கொண்டது. நான் தினம் நான்கு தடவை அந்த மூடியைக் கையால் திறந்து மூடியிருக்கிறேன்.

தொட்டியை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து வெயிலில் காய வைத்தேன். மறுநாளே ஈ போய்விடவில்லை. முந்தைய கூட்டுப்புழுக்கள் வேறு மூலைகளிலும் இருந்திருக்க வேண்டும், ஒரு வாரம் பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டேதான் இருந்தன, அப்புறம் நின்றது. பிறப்பிடத்தை எடுத்த பிறகும் இரண்டு வாரம் பொறுமை வேண்டும் என்பது இதனால்தான். மூன்றாம் நாளே "ஒன்றும் பலிக்கவில்லை" என்று கைவிடுகிறவர்கள்தான் அதிகம். குளிர்காலமென்றால் இன்னும் கூடுதலாகப் பொறுக்க வேண்டும், 18 டிகிரியில் அதே வளர்ச்சிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நாளாகும்.

கேள்வி: என் பொறியில் ஒன்றுகூட விழவில்லை. வெள்ளை வினிகர் ஊற்றிக் கிண்ணத்தைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். ஒன்றிரண்டு வந்து வினிகரின் மேலேயே நின்றுவிட்டுச் சாவகாசமாகப் பறந்து போகின்றன. எங்கே தப்பு?

பதில்: இரண்டு இடத்தில்.

காய்ச்சி வடித்த வெள்ளை வினிகரில் புளிப்பு நெடி மட்டும்தான் உண்டு, பழ வாசனை கிடையாது. ஆப்பிள் சைடர் வினிகர் பழத்திலிருந்தே புளித்து வந்தது என்பதால் இரண்டும் கலந்து வரும், ஈ நம்பி வரும். அது இல்லையென்றால் மிகவும் கனிந்த வாழைப்பழத்தில் ஒரு துண்டை நசுக்கி அந்த வெள்ளை வினிகரிலேயே போடுங்கள். ரொட்டி செய்யும் ஈஸ்ட் இருந்தால் வினிகரே வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை ஈஸ்ட்டும் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் போதும், எனக்கென்னவோ அதுதான் எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்கிறது.

இரண்டாவது தப்பு, சோப்பு போடாதது. தண்ணீரின் மேற்பரப்பு ஒரு மெல்லிய தோல் மாதிரி இழுவிசையோடு நிற்கும், ஈ மாதிரி எடையற்ற பூச்சி அதன்மேல் கால் வைத்து நிற்கலாம். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை ஒரு சொட்டு விட்டால் அந்தத் தோல் தளர்ந்துவிடும், கால் வைத்ததும் மூழ்கும். ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டுதான். ஆர்வத்தில் பீய்ச்சி அடித்து நுரை கட்டினால் சோப்பு வாசனை வினிகரை அமுக்கிவிடும்.

கிண்ணத்தின் வாய்க்குக் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் ஒரு ஈ நுழையும் அளவுக்கு ஓட்டை விட்டு, நுனி திரவத்தைத் தொடாதபடி செருகி வைக்கலாம். உள்ளே போன ஈக்கு வெளியே வரும் ஓட்டை எங்கே என்று தெரியாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள், செத்த ஈயோடு பழ நசுக்கலும் கிடந்து ஊறினால் பொறியே நாளைக்கு அதன் தொட்டிலாகிவிடும்.

இன்னொன்று, பக்கத்திலேயே கனிந்த பழம் தட்டில் திறந்து கிடக்கும்போது உங்கள் கிண்ணத்தை அது ஏன் பார்க்கப் போகிறது? போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில்தான் பொறி பலிக்கும்.

கேள்வி: பழமே இல்லாத வீடு என்னுடையது. ஆனாலும் சிங்க் பக்கம் குட்டி ஈ. கொதிக்கும் தண்ணீர் ஊற்றுகிறேன், ப்ளீச் ஊற்றுகிறேன், எதற்கும் அசைவதில்லை. சுவரில் கறுப்பாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

பதில்: அது பழ ஈயாக இல்லாமலும் இருக்கலாம். குட்டியாகப் பறப்பதையெல்லாம் பழ ஈ என்று சொல்லிவிடுகிறோம், ஆள் மாறினால் மருந்தும் மாற வேண்டும். ஒன்றைப் பிடித்து வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பாருங்கள். பழ ஈ என்றால் மஞ்சள் கலந்த பழுப்பு உடம்பு, பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்புக் கண். உடம்பெல்லாம் ரோமம் மூடி, இறக்கையை விரித்து இதய வடிவில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, தட்டினால் தள்ளாடிக் கொஞ்ச தூரம் மட்டும் பறந்தால் அது சாக்கடை ஈ. கொசு போல மெலிந்து, நீளக் காலோடு, பூந்தொட்டியைச் சுற்றிப் பறந்தால் அது பூந்தொட்டி மண்ணில் வளர்வது, அதற்குச் சிங்க்கைத் தேய்த்துப் புண்ணியமில்லை, தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதைக் குறைத்து மேல்மண்ணைக் காய விட வேண்டும். முதுகு கூனி, பறப்பதைவிட விறுவிறுவென்று ஓடுவதில் ஆர்வம் காட்டினால் அது கூன்முதுகு ஈ. அது விடாமல் வந்தால் தரைக்கடியில் கழிவுநீர்க் குழாய் எங்காவது உடைந்திருக்கிறதா என்றே பார்க்க வேண்டியிருக்கும்.

நீங்கள் சொல்லும் அடையாளத்துக்குச் சாக்கடை ஈ என்றுதான் தோன்றுகிறது. உறுதி செய்ய ஒரு எளிய வழி உண்டு. இரவு படுக்கும் முன் சிங்க் ஓட்டையின்மேல் ஒட்டும் பக்கம் கீழே பார்க்கும்படி ஒளி ஊடுருவும் டேப்பைக் குறுக்காக ஒட்டி, கொஞ்சம் இடைவெளி விடுங்கள். இரண்டு மூன்று இரவு செய்து பாருங்கள். காலையில் டேப்பின் அடிப்புறம் ஈ ஒட்டியிருந்தால் குற்றவாளி குழாய்க்குள்தான் இருக்கிறான்.

கொதிநீரும் ப்ளீச்சும் ஏன் தோற்கின்றன என்றால், குழாயின் உள்சுவரில் எண்ணெயும் உணவுத் துணுக்கும் சோப்பும் சேர்ந்து கொழகொழவென்று ஒரு படலம் பிடித்திருக்கும், புழு அதற்குள் சுகமாகப் புதைந்திருக்கும். நீங்கள் ஊற்றியது படலத்தின் மேலே சறுக்கிக்கொண்டு ஓடிவிடும். பிளாஸ்டிக் குழாய் என்றால் கொதிநீர் இணைப்புகளுக்கும் கேடு. நீளமான குழாய்த் தூரிகை ஒன்று வாங்கி, சோப்பு விட்டு, உள்சுவரைச் சுற்றிச் சுற்றித் தேயுங்கள், வடிகட்டித் தட்டைக் கழற்றி அதன் அடிப்புறத்தையும் விடாதீர்கள். முதல் தடவை தூரிகையில் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தால் அன்று சாப்பாடு இறங்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். பழ ஈயும் சில வீடுகளில் இதே படலத்தில் குடியேறும், அதற்கும் இதே வைத்தியம்தான்.

ஒரு விஷயம் கண்டிப்பாக. ப்ளீச் ஊற்றிய சிங்க்கில் வினிகரையோ, வேறு அமிலத் திரவத்தையோ ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். அம்மோனியா கலந்த திரவங்களோடும் ப்ளீச் சேரக் கூடாது. இரண்டு மருந்து ஊற்றினால் இரண்டு மடங்கு பலன் என்ற கணக்கு இங்கே உயிருக்கே உலை வைக்கும்.

கேள்வி: ஈ மொய்த்த பழத்தை என் மகன் பாதி தின்ற பிறகுதான் கவனித்தேன். முட்டையும் உள்ளே போயிருக்குமே! மருத்துவரிடம் போக வேண்டுமா?

பதில்: பையன் நன்றாக இருக்கிறான் என்றால் போக வேண்டாம். பழ ஈயின் முட்டையோ குட்டிப் புழுவோ தெரியாமல் விழுங்கினால், மற்ற உணவு மாதிரியே வயிற்றில் செரித்துவிடும். நாம் எல்லோரும் இதுவரை எத்தனையோ விழுங்கியிருக்கிறோம், யாரும் எண்ணவில்லை என்பதால் நிம்மதியாக இருக்கிறோம். இந்த ஈ கடிக்காது, கொட்டாது. கவலைப்பட வேண்டியது அதன் காலைப் பற்றித்தான். குப்பைத் தொட்டியில் உட்கார்ந்த அதே காலோடு வெட்டி வைத்த பழத்தில் வந்து உட்காரும்போது கிருமிகளையும் கொண்டுவர முடியும். வெட்டிய பழத்தை மூடி வையுங்கள், முழுப்பழத்தைக் கழுவிக் கொடுங்கள், கன்றிய இடத்தைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். வாந்தி, பேதி, காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் அப்போது மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பூச்சி மருந்து ஸ்பிரே அடித்தால் ஒரே நிமிடத்தில் வேலை முடிந்துவிடுமே? இல்லையென்றால் எலுமிச்சையில் கிராம்பு குத்தி வைப்பது, வாசனை எண்ணெய் தெளிப்பது, இதெல்லாம் பலிக்குமா?

பதில்: ஒரு நிமிடத்தில் பறப்பவை விழும். பழத்துக்குள் இருக்கும் புழுவையும் மூடியில் ஒட்டியிருக்கும் கூட்டையும் ஸ்பிரே தொடாது, உங்கள் சமையல் மேடையையும் தட்டையும்தான் தொடும். சாப்பிடும் இடத்தில் எதற்கு அந்த வம்பு? பறப்பதை உடனே தீர்த்தாக வேண்டும் என்று கை அரித்தால் வாக்குவம் கிளீனரின் குழாயை மெதுவாகக் கூடைக்கு மேலே காட்டுங்கள், மேகம் மொத்தமும் உள்ளே போய்விடும், பையை உடனே வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிடுங்கள்.

கிராம்பும் எலுமிச்சையும் சமையலறைக்கு நல்ல மணம் தரும். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: தோட்டத்து மாம்பழம். தோலில் கீறல்கூட இல்லை. வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழு துள்ளுகிறது. இதுவும் சமையலறைப் பழ ஈ வேலையா?

பதில்: இல்லை. பெயர்தான் ஒன்று, குடும்பமே வேறு. விவசாயிகள் பழ ஈ என்று சொல்வது கிட்டத்தட்ட வீட்டு ஈ அளவுக்குப் பெரியது. அதன் பின்பக்கம் ஊசி மாதிரி கூராக இருக்கும், மரத்தில் தொங்கும் நல்ல பழத்தையே குத்தி முட்டையை உள்ளே இறக்கிவிடும். வெளியே ஒரு சின்னப் புள்ளி தவிர ஒன்றும் தெரியாது. உங்கள் மாம்பழத்தில் இருப்பது அதுதான். அதற்கு வினிகர்க் கிண்ணம் பிரயோஜனமில்லை, மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் வைத்த பொறியை மரத்தில் தொங்கவிட்டு ஆண் ஈக்களைப் பிடிப்பார்கள், விழுந்த பழங்களைப் பொறுக்கி அழிப்பார்கள்.

சமையலறை ஈக்கு அந்த ஊசி கிடையாது. ஏற்கெனவே வெடித்த, கன்றிய பழம்தான் அதற்கு வாசல். ஆனால் அதன் குடும்பத்திலேயே ஒரு விதிவிலக்கு உண்டு, டிரோசோபிலா சுசுகி. பெண்ணிடம் ரம்பப் பல் வைத்த குழாய் இருக்கும், செர்ரி, ஸ்ட்ராபெர்ரி மாதிரி மெல்லிய தோல் பழங்களை அப்படியே அறுத்து முட்டையிடும். கிழக்கு ஆசியாவில் இருந்த அது 2008-ல் கலிஃபோர்னியாவிலும் ஐரோப்பாவிலும் தென்பட்டது, அன்றிலிருந்து பெர்ரி விவசாயிகளுக்குத் தூக்கம் போயிற்று.

கேள்வி: உயிரியல் படிக்கிறேன். வீட்டில் அம்மா இந்த ஈயை ஒழிக்கப் பாடுபடுகிறார், கல்லூரியில் நாங்கள் பாட்டிலில் போட்டு வளர்க்கிறோம். அம்மாவிடம் சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறார். அப்படி என்னதான் சிறப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

பதில்: அம்மாவைக் கோபப்படுத்தும் அதே குணங்கள்தான் விஞ்ஞானிகளுக்குப் பிடித்துப்போயின. கொஞ்சம் இடம், கொஞ்சம் வாழைப்பழம், பத்து நாளில் அடுத்த தலைமுறை. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் பால் பாட்டில்களில் இவற்றை வளர்த்துக்கொண்டிருந்தார். 1910-ல் சிவப்புக் கண் கூட்டத்துக்கு நடுவில் வெள்ளைக் கண்ணோடு ஒரே ஒரு ஆண் ஈ தென்பட்டது. அதன் சந்ததியை எண்ணி எண்ணித்தான், மரபணுக்கள் உயிரணுவுக்குள் இருக்கும் குரோமோசோம் என்ற இழைகளில் இருக்கின்றன என்பது உறுதிப்பட்டது. 1933-ல் அவருக்கு நோபல் பரிசு. அப்புறம் எக்ஸ்ரே கதிர் மரபணுவை மாற்றும் என்று இதே ஈயில் காட்டிய ஹெர்மன் முல்லருக்கு 1946-ல். 1995, 2011, 2017 ஆண்டுகளின் மருத்துவ நோபல்களிலும் இந்த ஈக்குப் பங்கு உண்டு, 2017-ல் கிடைத்தது நம் உடம்புக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதற்கு. மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு இந்தக் குட்டி உடம்பில் இணையான மரபணு உண்டு.

விண்வெளிக்கு நாயும் குரங்கும்தான் முதலில் போயின என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தால் அதையும் திருத்திவிடுங்கள். 1947 பிப்ரவரி 20-ல் அமெரிக்கா ஏவிய வி-2 ராக்கெட்டில் சுமார் 109 கிலோமீட்டர் உயரம் போய் உயிரோடு திரும்பியவை பழ ஈக்கள்.

என் செல்லத் தகவல் வேறு. பெண் ஈ விலக்கிவிட்ட ஆண் ஈக்கள், இணை கிடைத்த ஆண் ஈக்களைவிட அதிகமாகச் சாராயம் கலந்த உணவைத் தேடிப் போகின்றன என்று 2012-ல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. உங்கள் வினிகர்க் கிண்ணத்தில் தினமும் யார் விழுகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: இரண்டு கையாலும் தட்டினாலும் தப்பிவிடுகிறதே, எப்படி?

பதில்: கை நெருங்குவதைப் பார்த்ததுமே, இறக்கை விரிக்கும் முன்பே, கை வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் தாவ வாகாகக் காலை மாற்றி வைத்துக்கொள்கிறது, எல்லாம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள். கிளம்பிவிட்டால் நொடிக்குச் சுமார் 200 தடவை இறக்கை அடிக்கும். கை தட்டுவதை விட்டுவிடுங்கள், பார்ப்பவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள்.

கேள்வி: வீட்டிலேயே பழ வினிகர் தயாரிக்கிறேன். ஜாடியை இறுக மூடினால் வாயு சேர்ந்துவிடும், வலைத்துணி கட்டினால் ஈ உள்ளே போய்விடுகிறது. மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

பதில்: நீங்கள் கட்டியது புண்ணுக்குக் கட்டும் வலைத்துணியாக இருக்கும். அந்தத் துணியின் துளையே ஈக்குப் போதுமான வாசல். நெருக்கமாக நெய்த பருத்தித் துணி, பழைய கைக்குட்டை போதும், இரண்டாக மடித்துப் போட்டு ரப்பர் பேண்டை விளிம்புக்குக் கீழே இறுக்குங்கள், காற்று போகும், ஈ போகாது. ஜாடியின் வெளிப்புறத்தில் வழிந்ததைத் துடைத்துவிடுங்கள், துணி நனைந்தால் மாற்றுங்கள். ஈரத் துணியின்மேலேயே முட்டையிட்டு, பொரிந்த புழு இழைகளுக்கிடையே நுழைந்து கீழே இறங்கிய ஜாடியை நானே பார்த்திருக்கிறேன். அதைக் கொட்டும்போது மனசு வலித்தது.

கேள்வி: கடைசியாக, எல்லாப் பழத்தையும் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டுமா? வாழைப்பழம் கறுத்துப் போகிறது, தக்காளி ருசியே இல்லாமல் போகிறது.

பதில்: காலமெல்லாம் வேண்டாம், நான் சொன்ன அந்த இரண்டு வாரம் மட்டும் வையுங்கள். 4 டிகிரிக் குளிரில் முட்டையும் புழுவும் வளராமல் நின்றுவிடும், மேடையில் பழம் இல்லாததால் பொறியும் நன்றாக வேலை செய்யும். கனிந்த வாழைப்பழத்தின் தோல்தான் கறுக்கும், உள்ளே நன்றாகவே இருக்கும். காயாக இருப்பதை மட்டும் உள்ளே வைக்காதீர்கள், பிறகு சரியாகப் பழுக்காது. தக்காளியை அந்த இரண்டு வாரமும் அன்றன்றைக்கு வேண்டியது மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் பழையபடி கூடைக்குத் திரும்பலாம், ஆனால் பழம் வீட்டுக்குள் வந்ததும் காம்படியோடு சேர்த்து ஒரு முறை கழுவித் துடைத்துவிட்டு அடுக்குங்கள். குப்பைத் தொட்டி மூடியை மட்டும் மாதம் ஒரு தடவையாவது தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.